கேளுங்கள், சொல்கிறோம்: செமஸ்டர் நெருங்குது!

கேள்வி: பி.காம். படிக்கிறேன். ஒவ்வொரு யூனிட்டையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் போகிறேன். ஹாலில் கேள்வியைப் பார்த்தால் தெரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் எழுத வருவதில்லை. கடைசி பத்து மார்க் கேள்விக்கு நேரமும் இருப்பதில்லை. (மூன்று மணி நேரம், 75 மார்க்: 2 மார்க் பத்து, 5 மார்க் ஐந்து, 10 மார்க் மூன்று.)
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் 'தெரியும்' என்று நினைத்துக்கொள்கிறோம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. மறுபடி படித்தவர்களுக்கு 42தான்.

அதனால் ஒரு முறை கவனமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் அந்தச் சிவப்புப் பகுதியை மறுபடி பார்க்காமல் எழுதுங்கள்.

கணக்குப் பாடத்துக்கும் இதே வழிதான். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நிலையான செலவு 60,000 ரூபாய், ஒரு பொருளின் விற்பனை விலை 20, மாறும் செலவு 12 என்று வைத்துக்கொள்வோம். விலையில் மாறும் செலவு போக மிஞ்சும் கான்ட்ரிபியூஷன் 8. 60,000-ஐ 8-ஆல் வகுத்தால் பிரேக் ஈவன் (லாபமும் நஷ்டமும் இல்லாத விற்பனை அளவு) 7,500 யூனிட். தீர்த்த கணக்கைக் கண்ணால் ஓட்டிப் போனால் இது மிகச் சுலபம். கையால் போடும்போதுதான் 8-க்குப் பதில் 20-ஆல் வகுத்து 3,000 என்று எழுதுவீர்கள். அந்தத் தப்பு வீட்டிலேயே வந்துவிட்டால் நல்லது. ஃபார்முலாவையும் ஒர்க்கிங் நோட்டையும் விடாமல் எழுதுங்கள். விடை தவறினாலும் ஸ்டெப் மார்க் கிடைக்க அதுதான் வழி.

நேரத்துக்கு வருவோம். 2 மார்க்குக்கு 4 நிமிடம், 5 மார்க்குக்கு 11, 10 மார்க்குக்கு 22. மொத்தம் 161 நிமிடம்; மீதி 19 நிமிடம் கேள்வித்தாளைப் படிக்கவும் சரிபார்க்கவும். பெரும்பாலும் நேரத்தைத் தின்பது 2 மார்க் பகுதிதான். மூன்று வரி போதுகிற இடத்தில் அரைப் பக்கம் எழுதாதீர்கள். ஹாலுக்குப் போகும் முன் பழைய கேள்வித்தாள் இரண்டையாவது கடிகாரம் வைத்து, எழுந்திருக்காமல் முழுதாக எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து யூனிட்டில் இரண்டை விட்டுவிடலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: கேள்வித்தாள் அமைப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். யூனிட்டுக்கு இரண்டு 2 மார்க், 'அ அல்லது ஆ' என ஒரு 5 மார்க், பத்து மார்க்கில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்தில் எதாவது மூன்று என்றால், ஒரு யூனிட்டை விட்டால் போவது 9 மார்க். இரண்டை விட்டால் 18. மிச்சம் 57-க்குத்தான் எழுதுகிறீர்கள். அத்தோடு பத்து மார்க்கில் சாய்ஸும் போய்விடுகிறது. படித்த மூன்றில் ஒன்று கடினமாக வந்தால் தப்ப வழியில்லை. நேரமே இல்லையென்றால் அந்த இரண்டு யூனிட்டிலும் 2 மார்க், 5 மார்க் கேள்விகளை மட்டுமாவது பாருங்கள்.

கேள்வி: நவம்பர் மழைக்கு கலெக்டர் விடுமுறை விட்டால் தேர்வும் தள்ளிப்போகுமா?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: தானாகத் தள்ளிப்போகும் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். தேர்வைத் தள்ளிவைப்பது பல்கலைக்கழகம். அதன் அறிவிப்பைப் பார்த்து, கல்லூரி ஆபீஸுக்கும் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரியில் படிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: கடலூருக்கு விட்ட விடுமுறை புதுச்சேரியைச் சேராது. ஹால் டிக்கெட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் வையுங்கள், ஒரு ஜெராக்ஸைத் தனியாக எடுத்துவையுங்கள், வழக்கமாக ஏறும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் கிளம்புங்கள்.