மாமியார் அறையில் பூனைக்குட்டி

கேள்வி: எங்களுடையது சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. 9 வயது மகனின் ஆசைக்காக வரும் சனிக்கிழமை 9 வாரப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வருகிறோம். மாமியார் தஞ்சாவூர் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும். அவர் அறை காலியாக இருப்பதால் குட்டியை அங்கே விடலாம் என்றிருக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? இரவில் கத்தினால் என்ன செய்வது?
- வாசகி, யீஷூன்

பதில்: அது காலி அறை இல்லை அம்மா, ஊருக்குப் போயிருப்பவரின் அறை. அவரிடம் கேட்டதாக ஒரு வரிகூட எழுதவில்லையே. கேட்டால் வேண்டாம் என்பார் என்றுதானே இந்தச் சனிக்கிழமை அவசரம்?

பூனையின் பக்கம் நின்று பார்த்தாலும் இது தப்பு. முதல் சில நாள் குட்டிக்கு ஒரே அறை போதும். அந்த அறைதான் அதற்கு ஊர். கட்டில் காலிலும் தலையணையிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவைக்கும். ஒரு மாதம் கழித்துக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று கத்தும், பிறாண்டும். மணல் தட்டைத் திடீரென்று இடம் மாற்றினால் மாமியார் மெத்தையிலேயே சிறுநீர் கழிக்கவும் கூடும். திட்டு யாருக்கு விழும்? பூனைக்கு. போதாததற்குப் பெரியவர்கள் அறையில் மாத்திரை இருக்கும். கட்டிலடியில் உருண்டு கிடக்கும் ஒரே ஒரு பானடால் (பாராசிட்டமால்) மாத்திரை போதும், குட்டி பிழைக்காது.

இன்றே போன் போடுங்கள். உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய அம்மாதானே. பதில் வரும்வரை குட்டி தாயோடு இருக்கட்டும். 12 வாரம் வரை இருந்தால் அதற்கு நல்லதுதான்.

சம்மதம் கிடைத்தால், உங்கள் படுக்கையறையில் வையுங்கள். குட்டி ஏறி இறங்கும்படி விளிம்பு தாழ்ந்த தட்டு, வாசனை சேர்க்காத மணல், 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு. கட்டியாகும் மணலைக் குட்டி வாயில் போடும், இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டுக் கிண்ணம் தட்டுக்கு எதிர்மூலையில். இதுவரை தின்ற தீனியையே நாளைக்கு 4 வேளை கொடுங்கள். மாற்றுவதானால் ஒரு வாரம் கலந்து கலந்து மாற்றுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். இரவில் கத்துவது தாயைத் தேடித்தான். தாய் படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். படுக்கும் முன் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டி, கடைசி வேளைச் சாப்பாட்டை அப்போது கொடுங்கள். அரை நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஜன்னலில் கிரில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். குட்டி வரும் முன்பே கம்பி வலையைக் கேபிள் டையால் இறுக்குங்கள், வாசல் கேட்டுக்கும் சேர்த்து. 2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் 2 பூனைவரை வளர்க்கலாம், ஆனால் மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்.

மாமியார் வேண்டாம் என்றுவிட்டால்? வேண்டாம்தான். அதை மகனிடம் நீங்களே சொல்லுங்கள், பாட்டி பெயரை இழுக்காமல்.