ஆடும் ரம்பம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் அப்பாவின் மரப்பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய ரம்ப மெஷின் ஒன்று இருக்கிறது. 12 அங்குல பிளேடு, அடியில் 1440 ஆர்.பி.எம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார், ஒற்றை வி-பெல்ட். ஆடி மாதம் முழுக்க வேலை இல்லாமல் கிடந்தது. ஆவணியில் புது ஷெட்டுக்கு மாற்றி ஓட்டினால் டேபிளே அதிர்கிறது. அறுத்த முகத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது. போன வாரம் ஒரு மாம்பலகை திரும்பி வந்து இடுப்பில் அடித்தது. பெல்ட்டை இறுக்கு என்கிறார்கள், காலில் மணல் மூட்டை போடு என்கிறார்கள், பிளேடை மாற்று என்கிறார்கள். காலுக்கடியில் கிரானைட் துண்டு வைத்தேன். பிளேடைக் கழற்றிவிட்டும் ஓட்டினேன், ஆட்டம் குறையவில்லை. ஓடும்போதே அங்கங்கே கை வைத்துப் பார்த்ததில் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

முதலில், ஓடுகிற மெஷினில் கை வைப்பதை இன்றோடு விடுங்கள். உங்கள் மோட்டாரின் புல்லி பிளேடு புல்லியைப் போல இரண்டு மடங்கு என்றால் பிளேடு ஏறியிருக்கும் தண்டு, அதாவது ஷாஃப்ட், நிமிஷத்துக்கு 2880 சுற்று போகும். 12 அங்குல பிளேடின் பல் நுனி அப்போது மணிக்குக் கிட்டத்தட்ட 165 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தவிர, அதிர்வு இரும்புச் சட்டம் முழுக்கப் பரவிவிடும், தொட்டுப் பார்த்து அதன் ஊற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பிளேடைக் கழற்றியும் ஆட்டம் குறையவில்லை என்கிறீர்களே, அப்படியானால் பிளேடுக்காகக் காசு செலவழிக்க வேண்டாம். நான் சொல்லும் முறையும் அதேதான்: ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது ஆட்டம் நிற்கிறது என்று பார்ப்பது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிளக்கையே பிடுங்கி உங்கள் பாக்கெட்டில் வைக்க முடியாவிட்டாலும் கண்ணில் படும்படி வையுங்கள். சுவிட்ச் மட்டும் போதாது. சில மோட்டார்கள் சூடேறி நின்றால் ஆறியதும் தானே கிளம்பும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சாதா சுவிட்ச் போட்ட மெஷின் கிளம்புவது நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல. பிளேடு இல்லாமல் ஓட்டினால் நட்டையும், பிளேடை இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தகடான கழலும் பிளாஞ்சையும்கூட எடுத்துவிடுங்கள், தளர்ந்த நட்டு சுழன்று பறக்கும்.

இனி காதுக்கு வேலை. பிளேடில்லாமல் மெஷினை முழு வேகத்துக்கு ஓடவிட்டு, பக்கவாட்டில் நின்று ஆஃப் செய்து கேளுங்கள். கரண்ட் போன அந்த நொடியே அதிர்வும் நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம்: காயில், கபாசிட்டர், அதை ரீவைண்டிங் கடைக்காரர் பார்க்கட்டும். சுழற்சி குறையக் குறைய அதிர்வும் மெல்லக் குறைந்தால் சுழலும் பாகத்தில்தான் குறை. நிற்கப் போகிற வழியில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் டேபிள் திடீரென அதிகமாக உதறி அடங்கினால், சட்டமோ காலோ தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை, நேராக ஸ்பேனரைத் தூக்குகிறார்கள்.

அடுத்தது பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரைத் தனியே ஓட்டுவது. மோட்டார் புல்லியைத் தண்டோடு பிடித்து வைக்கும் கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத சிறு திருகு) கீயும் (இரும்பு ஆப்பு) இறுக்கமாக இருக்கட்டும். தனியே ஓடியும் ஆடினால் மோட்டாரின் பேரிங், காற்றாடி, புல்லி, அடி போல்ட் இவற்றில் ஒன்று. அமைதியாக ஓடினால், என் சந்தேகம் உங்கள் பெல்ட்டின் மேல்தான். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்த நிலையிலேயே நின்ற ரப்பர், புல்லியைச் சுற்றியிருந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். நெடுநாள் மடித்து வைத்த பாய் விரித்தாலும் மடிப்பு போகாத கதைதான். நல்ல பெல்ட் சிறிது நேரம் ஓடிச் சூடானதும் சரியாகிவிடும். இறுகிப்போன பழைய பெல்ட் ஆகாது. கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்: உட்புறம் வெடிப்பு, ஓரிடத்தில் மேடு, பக்கத்தில் பளபளப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பெல்ட் கோளாறுக்குச் சத்தமே வேறு. பெல்ட் ஒரு சுற்று வர எடுக்கும் நேரம் ஷாஃப்ட்டின் சுற்றைவிட அதிகம் என்பதால் அது தட தட என்று எண்ணக்கூடிய மாதிரி அடிக்கும். ஷாஃப்ட், புல்லி கோளாறு ஒரே இழுப்பாக ரீங்கரிக்கும்.

பெல்ட்டை இறுக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். தளர்ந்த பெல்ட் வழுக்கும், துள்ளும். அது உண்மைதான். ஆனால் அதிகம் இறுக்கினால் சுமை முழுவதும் பேரிங் தலையில் விழும். இரண்டு புல்லி மையங்களுக்கும் நடுவே ஒன்றரை அடி இருந்தால், பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 7 மி.மீ. இறங்கட்டும், போதும். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதை நீங்கள் நூல் பிடித்தே பார்த்துவிடலாம், ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெட் மாற்றும்போது மோட்டார் நகர்ந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பெல்ட் கழற்றியிருக்கும்போதே பிளேடு ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் கடிக்கிற மாதிரி இருந்தாலோ, மேலும் கீழும் தூக்கினால் அசைந்தாலோ பேரிங் போய்விட்டது. ஷாஃப்ட்டின் இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், எண் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஏற்றும்போது அடி உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டினால் புதுப் பேரிங்கும் அங்கேயே கெட்டது. பேரிங் மாற்றியும் தீராவிட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். ஓசூர் சிப்காட் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தால் வளைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

கிரானைட் துண்டை எடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது எங்கும் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுக்க முடியாது. பாலிஷ் போட்ட முகம் வழுக்கும், மெஷின் அதிர அதிர இடம் பெயரும். எந்தக் கால் எழுந்து நிற்கிறதோ அதற்கு மட்டும் இரும்புத் தகடு கொடுத்துத் தரையோடு போல்ட் போடுங்கள். மணல் மூட்டை அதிர்வை மறைக்கும், பேரிங் தேய்வதை நிறுத்தாது.

மாம்பலகை திரும்பி அடித்ததை அதிர்வோடு முடிச்சுப் போடாதீர்கள், அது தனிக் கோளாறு. ஈரம் காயாத மாமரம் அறுக்கும்போதே வாயை மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பலகையைச் சார்த்தித் தள்ளும் கைடு பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் இதேதான். பிளேடுக்குப் பின்னால் மரத்தைப் பிரித்து நிறுத்தும் தகடு உங்கள் மெஷினில் இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். பிளேடின் உடம்பு 2.2 மி.மீ., பல்லின் வெட்டு 3.2 மி.மீ. என்றால் தகடு 2.5 மி.மீ. இருக்கலாம். அது பொருத்தும்வரை மாமரம் அறுக்க வேண்டாம். நிற்கும்போது பிளேடின் நேர்கோட்டில் நிற்கவும் வேண்டாம்.

சுவிட்சுக்குப் பதில் ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (பொத்தான் வைத்த மோட்டார் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் தொடர்பைத் தானே துண்டித்துவிடும், நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை கிளம்பாது.

பெல்ட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் முதுகில் பி 47 என்பதுபோல அச்சடித்திருக்கும். எழுத்து அகலத்தையும் எண் உள்சுற்று நீளத்தை அங்குலத்திலும் குறிக்கிறது. தேய்ந்து அழிந்திருந்தால் நூலால் அளந்து கொண்டுபோங்கள்.