மடியில் பிள்ளை, காதில் ஹெட்செட்

அன்புத் தங்கச்சி,

கணவரின் ஸ்பொன்சரில் கனடாவுக்கு வந்து மூன்று மாதம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு. பதினான்கு மாதப் பெண்பிள்ளை. அவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்று கிடைக்கும்போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "பிள்ளையையும் பார்த்துக்கொண்டு செய்யலாம்தானே அக்கா, டேகேர் காசும் மிச்சம்" என்றும் கேட்டிருந்தீர்கள்.

வேலையை எடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க வேறொருவர் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

2017 இல் மகனுக்கு ஒரு வயது நெருங்கியபோது என் மகப்பேற்று விடுப்பு முடிந்தது. டேகேரில் விசாரித்தால் மாதம் 1,600 டொலருக்கு மேல் சொன்னார்கள். காப்புறுதி தொடர்பான அழைப்புகளை வீட்டிலிருந்து எடுக்கும் வேலை ஒன்று வந்ததும் கடவுளே அனுப்பியது என்று நினைத்தேன். வேலை நேரத்தில் பிள்ளையின் பராமரிப்புக்குத் தனி ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம்.

முதல் இரண்டு வாரம் சமாளித்தேன். அவன் தூங்கும் நேரத்தில் அழைப்பு குறைவாக இருக்கும்படி வேண்டிக்கொள்வேன். விழித்திருந்தால் பிஸ்கட், கரண்டி, தொலைக்காட்சி. பிறகு ஒருநாள், மனைவியை இழந்த ஒரு முதியவர் காப்புறுதிப் பணத்தைப் பற்றிக் கேட்க அழைத்தார். அவர் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மகன் சமையலறைப் பக்கமிருந்து வீரிட்டு அழுதான். நான் மியூட் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன். இழுப்பறையில் விரல் நசுங்கியிருந்தது. திரும்பி வந்தபோது முதியவர் "இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரண்டு பேரையும் கைவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. அந்த ஒலிப்பதிவைக் கேட்ட மேலாளரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதில் அவர்மேல் பிழை சொல்ல மாட்டேன்.

விரல் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. நான் ஹெட்செட்டைக் கையில் எடுத்தாலே மகன் தன் சுட்டுவிரலை உதட்டில் வைத்து "ஷ்ஷ்" என்பான். "அம்மா" என்று தெளிவாகச் சொல்வதற்கு முன்பே அதைப் படித்துவிட்டான். பார்த்தவர்கள் கெட்டிக்காரன் என்று சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாள் முழுவதும் அவனோடு ஒரே வீட்டில் இருந்தேன், ஆனால் அவனுக்கு நான் கிடைக்கவே இல்லை.

ஆகவே உங்கள் கணக்கை மறுபடி போடுங்கள். என் காலத்துக் கட்டணம் இப்போது இல்லை. மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் 2022 மார்ச்சில் டேகேர் கட்டணத்தைக் குறைக்க ஒப்பந்தம் செய்த பிறகு, இந்தத் திட்டத்தில் சேர்ந்த உரிமம் பெற்ற டேகேர்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைந்துகொண்டே வந்து, 2025 ஜனவரியிலிருந்து நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் போகக் கூடாது என்று ஆகியிருக்கிறது. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 484 டொலர். வருமானம் குறைவென்றால் ரொறன்ரோ நகராட்சியின் கட்டணச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் காசில் இல்லை, இடம் கிடைப்பதில்தான். பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு மூன்று பணியாளர்கள் வேண்டும் என்பது இங்குள்ள விதி. பதினெட்டு மாதம் தாண்டினால் ஐந்து பேருக்கு ஒருவர் போதும். அதனால்தான் கைக்குழந்தை இடங்களை மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் நான்கு மாதத்தில் பதினெட்டு ஆகிவிடும், அப்போது கதவு கொஞ்சம் அகலும். இன்றைக்கே நாலைந்து இடங்களில் பெயர் பதியுங்கள். வேலை உறுதியான பிறகு பதியலாம் என்று காத்திருந்தால் வரிசையில் கடைசி ஆளாகிவிடுவீர்கள்.

அதுவரைக்கும்? எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் கட்டடத்திலேயே இருந்த மானிப்பாய் அன்ரி ஒருவர். தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தார். மகன் அவரிடம்தான் புட்டும் வாழைப்பழமும் சாப்பிடப் பழகினான், தமிழும் அங்கேதான் ஊறியது. உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆனால் நல்ல மனிதர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பவர், பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதிலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. நான்கு வயதுக்குக் குறைந்த தன் சொந்தப் பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். ஒருநாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், யார் எங்கே தூங்குகிறார்கள், மாடிப்படிக்குக் கதவு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு விடுங்கள்.

ரசீது கேளுங்கள். எங்கள் ஆட்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரையான பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். கணவன் மனைவி இருவரில் வருமானம் குறைந்தவர்தான் பெரும்பாலும் அதைக் காட்ட முடியும். பார்ப்பவர் தனி ஆள் என்றால் ரசீதில் அவருடைய சமூகக் காப்புறுதி எண் (SIN) இருக்க வேண்டும்.

கணவர் பகலில் வீட்டில்தானே இருக்கிறார் என்று யோசிப்பீர்கள். இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர் தூங்க வேண்டும். தூங்கும் தகப்பனை நம்பித் தவழும் பிள்ளையை விட முடியாது. தூங்காமல் பார்க்கச் சொன்னால் அவர் இயந்திரத்துக்கு முன்னால் நின்று கண் சொருகுவார். எங்கள் வீட்டில் பெரிய சண்டைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நடந்தன. அவர் வந்து ஆறு மணி நேரம் தூங்கி எழும்பிய பிறகு தொடங்கும் நான்கு மணி நேர வேலை ஒன்று கிடைத்தால், அது வேறு கதை. பகுதி நேரமாகத் தொடங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவைக் கூப்பிடும் யோசனையும் வரும். பெற்றோரை நீண்ட நாள் தங்க அழைக்கும் சூப்பர் விசாவில் வந்தால் ஒரு தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம், வயதைப் பொறுத்து அந்தச் செலவு கனக்கும். நான் கூப்பிட்டேன். பேரனோடு பொன்னான நாட்கள் அவருக்கு. ஆனால் மாசி மாதக் குளிரில், முற்றமும் அயலும் இல்லாமல், பகல் முழுக்க என் அறைக் கதவு மூடியிருக்க, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. வரச் சொன்னால், உங்களோடு இருக்க வரச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் ஏர்லிஆன் (EarlyON) நிலையத்துக்குப் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். அங்கே கட்டணம் இல்லை. மற்ற அம்மம்மாமாரும் வருவார்கள், கதைக்க ஆள் கிடைக்கும்.

இந்தக் காலம் நீண்டதும் அல்ல. பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டின் செப்ரெம்பரில் முழுநாள் பாலர் வகுப்பு தொடங்கிவிடும், கட்டணமும் இல்லை. அதன் பிறகு வீட்டு வேலை உண்மையிலேயே ஒரு வரம். காலையில் பள்ளிக்கு விட்டுவந்து ஹெட்செட்டை எடுக்கிறேன், மூன்றரைக்கு வாசலில் நிற்கிறேன். பஸ்ஸிலும் சப்வேயிலும் போகும் இரண்டு மணி நேரம் எனக்கே மிஞ்சுகிறது.

இன்னொன்று, இது அவசரமானது. உங்களுக்கு வந்திருக்கும் வேலை உண்மையானதுதானா? நேர்காணலே இல்லாமல் வேலை தருகிறவர்களும், கணினி வாங்கக் காசோலை அனுப்பி வங்கியில் போட்டு மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறவர்களும் மோசடிக்காரர்கள். காசோலை திரும்பும்போது அந்தக் கடன் உங்கள் தலையில் விழும். எழுத்தில் ஒப்பந்தம் வந்து, நிறுவனத்தை நீங்களே தேடி அழைத்து உறுதிப்படுத்தும்வரை சமூகக் காப்புறுதி எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், நேரம் வாரத்துக்கு வாரம் மாறுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும். கணவர் எத்தனை மணிக்கு வீடு வருகிறார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். மானிப்பாய் அன்ரி இப்போதும் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறார், உங்களுக்காகக் கேட்டுச் சொல்கிறேன்.