கேளுங்க சொல்றோம்: துபாய்ல பழைய ஊரு எங்க இருக்கு?

பையன் துபாய்ல வேலை பாக்கறான், டிசம்பர்ல எங்க ரெண்டு பேரையும் வரச்சொல்லி டிக்கெட் போட்டுட்டான். புர்ஜ் கலீஃபா, மால், மறுபடி மால்னு லிஸ்ட் அனுப்பறான். எனக்கு கோட்டை, மியூசியம், பழைய வீடுன்னா தான் உசுரு. பாலைவனத்துல அதெல்லாம் இருக்குமா? முட்டி வலி வேற இருக்கு. - பாலக்கோடு வாசகி

இருக்கும்மா, நல்லாவே இருக்கு. பையன் லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் புது துபாய், நீங்க கேக்கறது க்ரீக் ஓரமா இருக்கு. கடல் தண்ணி ஊருக்குள்ள நீளமா புகுந்து வர்ற இடம் அது, அதோட ரெண்டு கரை தான் ஆதி துபாய், இந்தப்பக்கம் பர் துபாய், அந்தப்பக்கம் தேரா. எண்ணெய் கிடைக்கறதுக்கு முன்னாடி முத்து குளிச்சு தான் அந்த ஊரு பொழச்சுது, 1930கள்ல ஜப்பான்ல வளக்கற முத்து மார்க்கெட்டுக்கு வந்து எறங்கவும் அந்த பொழப்பு படுத்துருச்சு.

காலையில வெயில் ஏறுறதுக்குள்ள அல் ஃபஹிதி ஏரியாவுக்கு போயிருங்க. சந்துக்குள்ள நடக்கறதுக்கு டிக்கெட் கிடையாது. கடல்ல வெட்டுன பவளக்கல்லும் ஜிப்சமும் வச்சு கட்டுன வீடுங்க, ஈரான் கரையில இருந்து வந்த வியாபாரிங்க குடியிருந்தது. வீட்டு மேல சதுரமா ஒரு கோபுரம் நிக்கும் பாருங்க, அத தான் நீங்க நின்னு பாக்கணும். நாலு பக்கமும் திறப்பு, உள்ள பெருக்கல் குறி மாதிரி குறுக்குச்சுவரு. எந்தப்பக்கம் காத்தடிச்சாலும் அந்தப்பக்கத்து பொந்துல சிக்கி நேரா கீழ ரூமுக்கு எறங்கும், ரூம்ல இருக்கற சூடு எதிர்ப்பக்கத்து பொந்து வழியா மேல ஏறி வெளிய போயிரும். கரண்ட் இல்லாத காலத்து ஏசி. 1980கள்ல இந்த ஏரியாவுல பாதிய இடிச்சுட்டாங்க, மிச்சத்தயாவது விட்டாங்களேன்னு தான் சொல்லணும்.

பக்கத்துலயே அல் ஃபஹிதி கோட்டை, 1787 வாக்குல கட்டுனது, துபாய்ல இன்னிக்கும் நிக்கற கட்டடத்துலயே பழசு. 1971ல மியூசியம் ஆச்சு, அப்புறம் மராமத்து வேலைக்காக மூடுனாங்க, அதனால திறந்திருக்கான்னு பையன ஆன்லைன்ல பாத்துட்டு கூட்டிட்டு போகச்சொல்லுங்க, மூடியிருந்தா வெளிய இருந்து சுவத்த பாத்துட்டு வாங்க, அதுவே போதும். அதே பர் துபாய் கரையில ஷிந்தகா மியூசியம் இருக்கு, பழைய வீடுங்களயே மியூசியமா மாத்தியிருக்காங்க, அதுல அத்தருக்குன்னே ஒரு வீடு, அங்க உள்ள ஏசி இருக்கும், உக்கார இடம் இருக்கும், முட்டிக்கு நல்லது.

அக்கரைக்கு போக பாலத்த தேடாதீங்க, அப்ரான்னு கட்டை படகு ஓடுது, 1 திர்ஹம் தான். நடுவுல நீளமா ஒரு பெஞ்ச், ரெண்டு வரிசையா முதுகோட முதுகு ஒட்டி உக்காரணும், ஓட்டறவரு நடுவுல குழிக்குள்ள நின்னுட்டு ஓட்டுவாரு, காசயும் அவரே வாங்கிக்குவாரு. ஏறும்போது படகு ஆடும்மா, கைப்பிடி எல்லாம் எதிர்பாக்காதீங்க, பையன் கைய பிடிச்சுக்கங்க.

மியூசியம் ஆஃப் தி ஃப்யூச்சர் போலாமா, டிக்கெட் காசுக்கு வொர்த்தா? - ஓசூர் வாசகர்

வெளிய நின்னு பாக்க காசே இல்ல சார், அது தான் அதோட பெஸ்ட் பார்ட். 2022 பிப்ரவரி 22ல திறந்தாங்க, 77 மீட்டர் உயரம், வளையம் மாதிரி நடுவுல ஓட்டை, மேல பூரா அரபி எழுத்து, அந்த எழுத்து தான் ஜன்னலும். உள்ள 2071ல உலகம் எப்படி இருக்கும்னு காட்டறாங்க, பழைய சாமான் ஒன்னும் கிடையாது. ஆளுக்கு 150 திர்ஹத்துக்கு மேல ஆகும், 4 பேர் குடும்பம்னா கணக்கு போட்டு பாத்துக்கங்க. சயின்ஸ் பைத்தியம் பிடிச்ச பசங்க இருந்தா போங்க. வரலாறு தான் வேணும்னா எத்திஹாத் மியூசியம் போங்க, 1971 டிசம்பர் 2ல அமீரகம் உருவான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட இடம். கட்டடத்துல சாஞ்ச மாதிரி 7 தூண் நிக்கும், கையெழுத்து போட்ட பேனாவாம் அது.

நம்ம நாட்டுக்கும் துபாய்க்கும் பழைய சம்பந்தம் ஏதாவது உண்டா, இல்ல இப்ப வேலைக்கு போறது மட்டும் தானா? - பென்னாகரம் வாசகர்

அண்ணே, 1966 வரைக்கும் அங்க செலவழிச்சதே நம்ம ரூபாய் தான். தங்கம் கடத்தல்ல நம்ம அந்நியச்செலாவணி ஓடுதுன்னு 1959ல வளைகுடாவுக்குன்னு தனியா ஒரு ரூபாய் நோட்டு இந்தியா அடிச்சு குடுத்துச்சு, 1966 ஜூன்ல ரூபாயோட மதிப்ப எறக்கவும் அவங்க கழட்டி விட்டுட்டாங்க. திர்ஹம் வந்தது 1973ல தான். மியூசியம்ல எங்கயாவது பழைய காசு வச்சிருந்தா வேகமா தாண்டிராதீங்க.

அஞ்சாவது படிக்கற பையனுக்கு மியூசியம்னாலே கொட்டாவி வருது. துபாய்ல எதுக்கு கூட்டிட்டு போறது? - பர்கூர் வாசகி

சாருக் அல் ஹதீத்னு பேர் எழுதி வச்சுக்கங்க. துபாய் பாலைவனத்துல மணலுக்கு அடியில கிடந்த இடம், 2002ல ஷேக் முகமது, இப்ப துபாய ஆள்றவரு, ஹெலிகாப்டர்ல போகும்போது மணல் கலர் வித்தியாசமா இருக்கேன்னு பாத்து கண்டுபிடிச்சது, பையனுக்கு இந்த கதைய மட்டும் சொல்லுங்க, தூக்கம் கலைஞ்சிரும். இரும்புக்கால பட்டறை மாதிரி, உலோகம் உருக்குன கசடு குவியல் குவியலா, கத்தி, அம்பு முனை, தங்க நகைன்னு ஏகப்பட்டது எடுத்திருக்காங்க. அதுல ஒரு மோதிரத்த பாத்து தான் துபாய்ல நடந்த உலகக் கண்காட்சி எக்ஸ்போவோட லோகோவே போட்டாங்க. அந்த பொருளெல்லாம் எங்க காட்சிக்கு வச்சிருக்காங்கன்னு கேட்டு போங்க.

ஆனா ஒன்னு, ஏரோபிளேன் ஏறறதுக்கு முன்னாடி உங்க பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைய அவனுக்கு சொல்லிருங்க. அங்க கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172னு 2022ல அறிவிச்சாங்க, சாருக்ல கிடைச்ச இரும்ப விட பழசு. தர்மபுரியில நடுகல் வச்சிருக்காங்களே, அதயும் ஒரு ஞாயித்துக்கிழமை காட்டுங்க, மாடு பிடிக்க வந்தவன் கூட சண்டை போட்டு செத்தவன் வில்லும் வாளுமா நிப்பான், பக்கத்துல வட்டெழுத்து. அத பாத்தவனுக்கு துபாய்ல கண்ணாடிப்பெட்டிக்குள்ள இருக்கற அம்பு முனை சும்மா ஒரு இரும்புத்துண்டா தெரியாது.

மே மாசம் டிக்கெட் சீப்பா கிடைக்குது, போலாமா? - ஊத்தங்கரை வாசகர்

40 டிகிரிய தாண்டும்ங்க, ஊத்தங்கரை வெயில் பழக்கம்னு தைரியமா எறங்கிராதீங்க, அங்க கடல் ஓரத்து புழுக்கமும் சேரும். நவம்பர்ல இருந்து மார்ச்சு வரைக்கும் தான் சுத்தி பாக்கற மாதிரி இருக்கும். போட்டாச்சுன்னா பகல் பூரா ஏசி மியூசியம், பொழுது சாஞ்சப்புறம் க்ரீக். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல கடை நிறைய மூடியிருக்கும், அன்னிக்கு கிளம்பறதுன்னா சாயங்காலமா கிளம்புங்க.