வாழைப்பழம் சாப்பிட்டால் ஓசிடி போகுமா?

கேள்வி: என் கணவர் ராத்திரி படுத்த பிறகும் எழுந்து எழுந்து போய் கேஸ் ரெகுலேட்டரைத் திருகிப் பார்க்கிறார். "மூடினியா, மூடினியா" என்று என்னையும் தூங்க விடுவதில்லை. டாக்டர் இது ஓசிடி (வேண்டாத எண்ணமும், செய்ததையே திரும்பச் செய்யும் கட்டாயமும் விடாமல் வரும் மனநோய்), மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவு என்று சொல்லி ஃப்ளூஆக்ஸெட்டின் மாத்திரை கொடுத்தார். 3 வாரமாகியும் மாற்றமில்லை. ரத்தத்தில் செரட்டோனின் டெஸ்ட் எடுக்கலாமா? வாழைப்பழம் சாப்பிட்டால் கூடும் என்கிறார்களே?
- வாசகி, சேலம்

பதில்: டெஸ்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அது ரத்தம் வழியாக மூளைக்குள் போகாது, அதனால் லேப் ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் மூளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வாழைப்பழமும் அதே கதைதான். மலச்சிக்கல் இருந்தால் சாப்பிடட்டும்.

'குறைவு' என்பது அவசரத்தில் சொல்லும் விளக்கம். மனச்சோர்வுக்கு வந்த க்ளோமிப்ரமின் மாத்திரை ஓசிடியைக் குறைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் நார்அட்ரினலின் என்ற வேறொரு மூளை ரசாயனத்தின் பக்கம் வேலை செய்யும் டெசிப்ரமின் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை. அப்படித்தான் செரட்டோனின் மேல் பார்வை விழுந்தது. சரி, வெறும் பற்றாக்குறைதான் என்றால் மாத்திரை போட்ட சில நாளிலேயே சரியாகியிருக்க வேண்டுமே? மாத்திரை நரம்பு முனையில் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கத் தொடங்கிவிடுகிறது, பலன் தெரியவோ 8 முதல் 12 வாரம்கூட ஆகிறது. 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள்: ஃப்ளூஆக்ஸெட்டினில் தேறியவர்களுக்கும், மாத்திரையே இல்லாமல், பழக்கத்தை மாற்றும் மனப் பயிற்சியில் தேறியவர்களுக்கும், மூளைக்குள் காடேட் என்ற ஒரே பகுதியின் வேகம் தணிந்திருந்தது. 'ஏதோ தப்பு, போய்ப் பார்' என்று நெற்றிப் பக்கத்து மூளையிலிருந்து கிளம்பும் எச்சரிக்கை இந்தப் பகுதி வழியாகத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றை அடக்குவதில் செரட்டோனினுக்கும் ஒரு கை உண்டு, அவ்வளவுதான்.

ஆகவே 3 வாரத்தில் முடிவு கட்டாதீர்கள். ஓசிடிக்குப் பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் டோஸ் தேவைப்படும், அதை டாக்டர் ஏற்றட்டும்; நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அப்புறம், ஈஆர்பி என்ற பயிற்சியை யார் தருவார்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள். ரெகுலேட்டரை ஒரே தடவை மூடிவிட்டு, மனசு எவ்வளவு அரித்தாலும் எழுந்து போகாமல் படுத்திருக்கப் பழக்குவார்கள். முதல் சில நாள் பாடாய்ப் படுத்தும். அதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது: கணவர் கேட்கும்போதெல்லாம் "மூடிட்டேங்க" என்று நீங்கள் சொல்லும் பதிலும் அந்தச் சுற்றுக்குத் தீனிதான். அதை எப்படிக் குறைப்பது என்று பயிற்சி தருபவரிடம் அவர் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், திடீரென்று நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும்.