பூமி பிளந்ததைப் பிடித்த கேமரா: ரங்கூனிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நிலநடுக்கம் பற்றித்தான். நான் படித்தது நிலவியல் என்பதால் அதற்கு நீட்டியே எழுதியிருக்கிறேன். குரங்கு, வால்வெள்ளி விஷயங்களில் நானும் உங்களைப் போல ஒரு வாசகன், அவ்வளவுதான்.

அண்ணே, சோலார் மின் நிலையத்துக் கேமராவில் தரை இரண்டாகி நகரும் வீடியோவைப் பார்த்தோம். விஞ்ஞானிகளுக்கு அதில் புதிதாக என்ன கிடைத்தது? (மாண்டலே தம்பி ஒருவர்)

நிறையவே கிடைத்தது, தம்பி. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் 12.50க்கு வந்த அந்த 7.7 அளவு நடுக்கத்தில் உடைந்தது சகாய்ங் பிளவு, அதாவது பர்மாவை வடக்கு தெற்காக வெட்டிப்போகும் நீண்ட பாறை விரிசல். கேமரா இருந்த இடம் தாசி பக்கம், நடுக்கத்தின் மையத்திலிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. ஒரு பெரிய பிளவு தரையைக் கிழித்துக்கொண்டு நகர்வது இவ்வளவு தெளிவாகப் படமானது இதுதான் முதல் தடவை. அதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் கருவிகள் வரைந்த கோடுகளை வைத்துப் பின்னோக்கிப் போட்ட கணக்கு.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் அந்த வீடியோவை பிரேம் பிரேமாக அளந்தார்கள். இரண்டரை மீட்டர் நகர்வு 1.3 விநாடியில் முடிந்துவிட்டது. உச்ச வேகம் விநாடிக்கு 3.2 மீட்டர். நிதானமாக ஓடுகிற ஆளின் வேகம்தான், ஆனால் ஓடியது தரை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. தரை நேர்கோட்டில் போகவில்லை, லேசாக வளைந்து போயிருக்கிறது. பழைய பிளவுகளின் பாறை முகத்தில் வளைந்த கீறல்களை நிலவியலாளர்கள் பல காலமாகப் பார்த்து வருகிறார்கள். நகரும்போதே அப்படி வளைகிறது என்பதற்கு இப்போது கண்கண்ட சாட்சி கிடைத்துவிட்டது. கீறல் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்து, யாரும் எழுதிவைக்காத பழைய நடுக்கங்களில்கூட உடைப்பு எந்தத் திசையிலிருந்து ஓடிவந்தது என்று சொல்ல முடியும். வீடியோவைத் திரும்பப் பார்த்தால் கதவையும் கம்பிவேலியையும் விட்டுவிட்டு, பின்னால் உள்ள தரையைக் கவனியுங்கள்.

சயா, இப்படி ஒன்று வரும் என்று முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் யாரும் சொல்லவில்லை? (பியின்மனாவிலிருந்து ஓர் அம்மா)

இடம் தெரியும், நாள் தெரியாது. சொல்லியும் இருந்தார்கள். சகாய்ங் பிளவில் நடுப்பர்மாவில் சுமார் 260 கி.மீ. நீளத்துக்கு நீண்ட காலமாகப் பெரிய நடுக்கம் எதுவும் இல்லை, அங்கே பெரிதாக வரலாம் என்று 2011இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய மிகப் பெரிய நடுக்கம் 1839இல், ஆவா தலைநகராக இருந்த காலத்தில்.

கணக்கு எளிது. பிளவின் இரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் எதிரெதிராக நகரப் பார்க்கின்றன, ஆனால் உராய்வு விடுவதில்லை. 186 ஆண்டில் சேர்ந்த பாக்கி மூன்றரை மீட்டருக்கு மேல். அதைத்தான் ஒரே மதியத்தில் வசூலித்துக்கொண்டது.

எதிர்பாராதது உடைப்பின் நீளம். 450 கி.மீ.க்கும் மேல் கிழிந்தது. தெற்கு நோக்கி ஓடிய உடைப்பு, தான் கிளப்பிய குறுக்கலைகளையே (தரையைப் பக்கவாட்டில் குலுக்கும் நில அதிர்வு அலைகள்) முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்படி முந்தும்போது அலைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, பிளவை ஒட்டிய ஊர்களுக்கு ஒரே அடியாக விழும். ஆயிரம் கி.மீ. தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயர்ந்த கட்டடம் இடிந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அந்த நகரம் மென்மையான களிமண்ணில் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக ஆடும் நீண்ட அலைகளை அந்த மண் பெரிதாக்கிவிடும்.

பெகுவில் இருக்கிறோம். அடுத்தது எங்களுக்கா? டிக்டாக்கில் தேதியே சொல்கிறார்களே! (பெயர் வேண்டாம் என்றார்)

தேதி சொல்கிறவர் யாராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலில் ஒரு சோதிடர் அப்படித் தேதி குறித்து, பயந்துபோன சனங்கள் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தார்கள். ஒன்றும் வரவில்லை, அவரைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

ஆனால் உங்கள் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். இதே பிளவுதான் பெகு வழியாகக் கடலுக்குப் போகிறது. 1930 மே 5ஆம் தேதி பெகு நகரம் சிதைந்ததும் இதனால்தான். ரங்கூனிலும் உயிர்கள் போயின. பிளவு ஓரிடத்தில் உடைந்தால் அழுத்தம் முழுவதும் தீர்ந்துபோவதில்லை, உடைப்பு நின்ற முனைகளில் கூடுகிறது. ஆகவே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். கம்பி வைக்காத செங்கல் சுவர் ஓரம் படுக்காதீர்கள். சாமி அலமாரி, பீரோ இரண்டையும் சுவரோடு சேர்த்து ஆணி அடியுங்கள். மாடியில் கனத்த தண்ணீர்த் தொட்டி வேண்டாம்.

வேற்றுக்கிரகக் கப்பல் என்று சொன்னார்களே, அது என்ன ஆச்சு?

3ஐ/அட்லஸைக் கேட்கிறீர்கள். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கியில் கண்டார்கள். வேறொரு நட்சத்திரக் குடும்பத்திலிருந்து நம் பக்கம் வந்து நாம் கண்டுபிடித்த மூன்றாவது பொருள், அவ்வளவே. வாலும் வாயுவும் விட்ட நல்ல வால்வெள்ளி. டிசம்பரில் கிட்ட வந்தபோதுகூட 27 கோடி கி.மீ. தள்ளித்தான் போனது.

ஸ்காட் மார்க்கெட்டில் வாங்கிய அம்பர் மோதிரக் கல்லுக்குள் ஒரு பூச்சி இருக்கிறது. விலை போகுமா? அதன் மரபணுவை எடுக்க முடியுமா? (தாம்வேயிலிருந்து)

மரபணு கிடைக்காது. அம்பர் என்பது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின். நம் கச்சின் அம்பருக்கு வயது சுமார் 9 கோடியே 90 லட்சம் ஆண்டு. இதுவரை எங்கும் படிக்க முடிந்த மிகப் பழைய மரபணுவே, கிரீன்லாந்தின் உறைந்த மண்ணில் கிடைத்த 20 லட்சம் ஆண்டு. அம்பருக்குள் உருவம் நிற்கும், அணு அணுவாக உள்ளே இருந்தது போய்விடும்.

கல் அசலா என்று முதலில் பாருங்கள். உப்பைக் கரையும் மட்டும் போட்ட தண்ணீரில் அம்பர் மிதக்கும், கண்ணாடியும் சில வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். வயது குறைந்த மரப்பிசினும் மிதக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

ஹூகாங் பள்ளத்தாக்கு அம்பரில் வந்த அதிசயங்கள் கொஞ்சமல்ல. 2015இல் மிச்சினா சந்தையில் ஒரு சீன ஆய்வாளர் வாங்கிய துண்டில் இறகோடு டைனோசர் வால் இருந்தது. விற்றவர் அதை ஏதோ செடி என்று நினைத்திருந்தார். 2020 மார்ச்சில் ஒன்றரை செ.மீ. கூட இல்லாத மண்டையோட்டை உலகத்தின் மிகச் சிறிய டைனோசர் என்று பெரிய பத்திரிகையின் அட்டையிலேயே போட்டார்கள். ஜூலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்னொரு மாதிரியையும் வைத்து அலசியதில் அது பல்லி இனம் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. டைனோசர் செய்தி வாட்ஸாப்பில் இன்றும் சுற்றுகிறது, பல்லி செய்தியை யாரும் அனுப்பக் காணோம்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. புதைபடிவத்தை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சட்டம் விடாது, ஆனால் அம்பர் ரத்தினக் கல் கணக்கில் போய்விடுகிறது. சுரங்கப் பகுதியில் சண்டை நடக்கையில் தோண்டியதை ஆராய வேண்டாம் என்று 2020இல் முதுகெலும்புப் புதைபடிவ ஆய்வாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. அது சரியென்றே நினைக்கிறேன். தோண்டுகிறவன் பிழைப்புக்கு வழி என்ன என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

போப்பா மலைக்குக் குடும்பத்தோடு போனோம். வாழைப்பழத்தைப் பிடுங்கிய குரங்குதான் அந்தப் புது இனமா? (பள்ளி மாணவி)

இல்லம்மா. படிக்கட்டில் பிடுங்குகிறது மக்காக் குரங்கு, எங்கும் உண்டு. 2020 நவம்பரில் புது இனமாக அறிவித்த போப்பா லங்கூர் காட்டுக்குள் மரத்திலேயே இருக்கும், இலை தின்னும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எல்லாம் சேர்த்து 200, 250தான் இருக்கும் என்று கணக்கு. லண்டன் அருங்காட்சியகத்தில் 1913இலிருந்து கிடந்த ஒரு தோலின் மரபணுவைக் காட்டில் பொறுக்கிய சாணத்தின் மரபணுவோடு ஒத்துப் பார்த்துத்தான் தனி இனம் என்று உறுதி செய்தார்கள். மறுபடி போனால் பழத்தைப் பைக்குள் வைத்துக்கொள்.