கருணைத் தியானத்துக்கு உட்கார்ந்தால் அழுகை வருகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தெளிவாக இல்லை. மளிகைக் கடையை மூடிவிட்டோம். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வைத்தியச் செலவுக்கு நகைக்கடன் வாங்கியிருக்கிறேன். பூர்வீக வீட்டில் எங்கள் பங்கைக் கேட்டபோது கொழுந்தனார் முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டார். தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். இசிஜி, எக்கோ எடுத்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். மனநல மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயத்தில் இன்னும் போடவில்லை. தோழி ஒருத்தி, தன்னையும் பிறரையும் மனதுக்குள் வாழ்த்தும் கருணைத் தியானம் சொல்லிக் கொடுத்தாள். 'நான் நலமாக இருக்க வேண்டும்' என்று மனதுக்குள் சொன்னவுடன் அழுகை பீறிட்டு வருகிறது. கொழுந்தனாரை நினைத்து வாழ்த்தப் போனால் உடம்பெல்லாம் எரிகிறது. இந்தத் தியானம் எனக்கு ஒத்துவராதா? இதைச் செய்தால் மாத்திரை போடாமல் இருக்கலாமா?

வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர், மகன், கடன், கொழுந்தனார் எல்லோரும் எல்லாமும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள், உங்களுக்கு மாற்றாள் யார் என்பது மட்டும் இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று மணி விழிப்பை முதலில் பார்த்துவிடுவோம். இரவின் பின்பகுதியில் கார்ட்டிசால் என்ற சுரப்பு மெல்ல ஏறத் தொடங்கும். உடலை விடியலுக்குத் தயார்ப்படுத்தும் இயல்பான ஏற்பாடு அது. நாளெல்லாம் 'அடுத்து என்ன வருமோ' என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் மூளை, அந்த ஏற்றத்தையே ஆபத்தாக எடுத்துக்கொண்டுவிடும். உங்கள் வயதில், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றங்களும் இதே படபடப்பையும் வியர்வையையும் தரும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்த்தீர்களா என்று எழுதவில்லை. பார்க்காவிட்டால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். தைராய்டு மிகுந்து சுரந்தாலோ, இரத்தச்சோகை இருந்தாலோ அதற்குத் தியானம் மருந்தாகாது. மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

இனி அழுகை. இதைக் கண்டு பயப்படாதீர்கள். என்னிடம் வருபவர்களில் பலருக்கும் தொடக்கத்தில் இப்படித்தான் ஆகிறது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மர் இதை விளக்கத் தீயணைப்பு வீரர்களிடமிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொள்கிறார். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அறையின் கதவைச் சட்டென்று திறந்தால், காற்று உள்ளே பாய்ந்து நெருப்பு குப்பென்று வெளியே அடிக்கும். எட்டு மாதமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் 'அவர் எப்படி இருக்கிறார்' என்றுதான் கேட்டிருப்பார்கள். உங்களை முதன்முதலில் விசாரித்தது நீங்கள்தான். அடைத்து வைத்ததெல்லாம் அந்த வழியாக வந்துவிட்டது. ஒத்துவராத அறிகுறியாக இதை நான் பார்க்கவில்லை. கதவை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தியானத்தின் பழைய வழிகாட்டி ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல். முதலில் தன்னை வாழ்த்து, பிறகு அன்புக்குரியவரை, பிறகு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவரை, கடைசியில்தான் பகைவரை என்று அதில் வரிசை இருக்கிறது. என் அனுபவத்தில், பிறருக்காகவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குத் 'தன்னை' என்ற முதல் படியே ஏறமுடியாத படி. ஆகவே நான் வரிசையைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். நினைத்த மாத்திரத்தில் உங்கள் முகம் தானாக மலர்கிற ஓர் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுக் குழந்தையாக இருக்கலாம், கொல்லையில் துள்ளும் கன்றுக்குட்டியாகவும் இருக்கலாம். உங்களுக்கும் அதற்கும் இடையில் கணக்கு வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. கணவரும் மகனும் இப்போதைக்கு வேண்டாம். அவர்களை நினைத்தால் கவலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சம்மணம் போட வேண்டியதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி உள்மூச்சில் சற்று விரைவதும் வெளிமூச்சில் தளர்வதும் தெரியும். வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிப்பது வெளிமூச்சின்போதுதான். அதனால்தான் அதை நீளமாக விடச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து மூச்சு ஆனபிறகு அந்தக் கன்றையோ குழந்தையையோ மனக்கண்ணில் நிறுத்தி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திருநீறு பூசி வாழ்த்துவார்களே, அந்தச் சொற்களில் வாழ்த்துங்கள். 'நன்றாக இரு. நோய்நொடி இல்லாமல் இரு. பயமில்லாமல் இரு.' தோழி சொல்லிக் கொடுத்த வாசகம் உதட்டோடு நின்றுவிடலாம். சின்ன வயதில் கேட்டுப் பழகிய வாழ்த்து அப்படி நிற்காது. தினமும் ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காட்சிக்குள் நீங்களும் போய் நில்லுங்கள். கன்றின் கழுத்தில் கை வைத்தபடி, 'நாம் இரண்டு பேரும் நன்றாக இருப்போம்' என்று சொல்லுங்கள். 'நான்' என்று சொல்லும்போது உடைந்துபோகிறவர்கள் 'நாம்' என்பதைத் தாங்கிக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போதும் அழுகை வந்தால் வரட்டும். தாங்கமுடியாத அளவுக்குப் போனால் கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மட்டும் கவனியுங்கள். அன்றைக்கு அது போதும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. கணவரின் வேதனையை நீங்களும் சேர்ந்து அனுபவிப்பதுதான் அன்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படி நம்பியவன்தான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ஆக்சிஜன் சீறும் ஓசைக்கு நடுவே ஒவ்வொரு படுக்கையிலும் ஒருவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தபின் என்னாலேயே மூச்சு விடமுடியாததுபோல் இருக்கும். பத்து நாளில் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு நகரத் தொடங்கியிருந்தேன். கல்நெஞ்சன் ஆகிவிட்டேனோ என்று பயந்தேன். உண்மையில் நான் எரிந்து தீர்ந்திருந்தேன்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓல்கா கிளிமெக்கியும் தானியா சிங்கரும் இந்த வேறுபாட்டை ஆராய்ந்தார்கள். துன்பப்படுகிறவர்களின் காணொளிகளைக் காட்டி, அந்த வலியை அப்படியே உள்வாங்கச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு மனவேதனை கூடியது. மூளையில் வலியுணர்வோடு தொடர்புள்ள இன்சுலா போன்ற பகுதிகள் கூடுதலாக இயங்கின. பிறகு அவர்களுக்கே கருணைத் தியானப் பயிற்சி தரப்பட்டது. வேதனை தணிந்தது. அன்பு, நிறைவு போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள வேறு பகுதிகள் இயங்கின. பார்த்த துன்பம் மாறவில்லை. மனம் அதன்முன் நின்ற விதம்தான் மாறியது. புத்தகோசர் இதை அன்றே சொல்லிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துயரம் என்கிறார். பக்கத்திலேயே நிற்பதால் துயரத்தைக் கருணை என்று எண்ணி ஏமாந்துவிடுகிறோம்.

இதை உங்கள் வீட்டில் செய்துபார்க்க நல்ல நேரம், அவருக்குக் கஞ்சி ஊட்டும் நேரம். முதல் சில வாரப் பயிற்சிக்குப் பிறகு தொடங்குங்கள். கரண்டியை எடுக்கும்போது நீளமாக ஒரு வெளிமூச்சு. அவர் விழுங்கும் வரை அவர் கண்ணைப் பார்த்து, மனதுக்குள் 'உங்களுக்கு இது இதமாக இறங்கட்டும்'. ஓரம் வழிந்ததைத் துண்டால் ஒற்றும்போது 'சிரமம் குறையட்டும்'. 'ஐயோ, இவருக்கு இப்படி ஆகிவிட்டதே' என்ற எண்ணம் நடுவில் வரத்தான் செய்யும். வந்தது தெரிந்ததும் அடுத்த கரண்டிக்குத் திரும்புங்கள். (அவரை நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள், சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குப் புரையேறி உணவு நுரையீரலுக்குப் போவது பெரிய ஆபத்து.) சில வேளைகளில் அந்த வாழ்த்தை வாய்விட்டே சொல்லுங்கள். வலப்பக்கம் விழுந்து பேச்சும் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குச் சொல் வராவிட்டாலும், நாம் சொல்வது புரியும்.

கொழுந்தனாரை இப்போது தொட வேண்டாம். பகைவரை நினைத்துச் சினம் எழுந்தால், மறுபடி அன்புக்குரியவரிடம் போ என்றுதான் அந்தப் பழைய நூலும் சொல்கிறது. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். அவரை வாழ்த்துவதற்கும் சொத்துப் பங்குக்கும் சம்பந்தமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பங்கை முறைப்படி கேளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

மாத்திரையைப் பற்றி: உங்களை நேரில் பார்த்த மருத்துவர் எழுதியிருக்கிறார். தியானத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாரம் குமட்டல் இருக்கலாம், படபடப்பு சற்றுக் கூடுவதுபோலவும் தோன்றலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தூக்க மாத்திரைக்கு அடிமையாவதுபோல இதற்கு அடிமையாகிவிடமாட்டீர்கள். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நெஞ்சு அடித்துக்கொள்வது மருந்தில் கொஞ்சம் தணிந்தால்தான் தியானத்தில் உட்காரவே முடிகிறது என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து பலர். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே பேசுங்கள். இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது மாற்றாள் விஷயம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்ய ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். விடுமுறைக்கு மகன் வரும்போது, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். 'எப்படி இருக்கிறார்' என்று கேட்டு வருகிற உறவினர்களில் ஒருவரிடம், வாரத்தில் ஒரு மதியம் மட்டும் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்க வேண்டாம், கடன் கணக்குப் பார்க்க வேண்டாம், தியானமும் வேண்டாம். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.